குணமான நாய், தேவைப்படாத மருந்து: செல்லப்பிராணிகளுக்கு ஆன்டிபயாடிக் எப்போது?

நாய்க்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. ஒரு கால்நடை மருத்துவர் ஊசி போட்டு, ஐந்து நாளைக்கு மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதித் தருகிறார். சில மாதம் கழித்து அதே தொந்தரவு. இந்த முறை பார்த்த வேறொரு மருத்துவர் நாயின் ஈறுகளைப் பார்க்கிறார், தோலைக் கிள்ளி நீர் வற்றியிருக்கிறதா என்று சோதிக்கிறார், காய்ச்சல் பார்க்கிறார். பிறகு, "ரெண்டு நாளைக்கு லேசான சாப்பாடு குடுங்க, ஆன்டிபயாடிக் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். இரண்டு முறையும் நாய் தேறிவிட்டது. அப்படியானால் யார் செய்தது சரி?

இரண்டாமவர் செய்ததுதான் இன்றைய ஆய்வுகளோடு ஒத்துப்போகிறது. ஆனால் மாத்திரை தராத மருத்துவருக்கு அக்கறை இல்லை என்று நினைத்துக் கிளினிக்கை மாற்றுகிறவர்கள் நம்மில் நிறைய. அந்த எண்ணம் எங்கே தவறுகிறது, மாத்திரை உண்மையிலேயே தேவைப்படும் இடம் எது, தேவையில்லாமல் கொடுத்தால் அந்த நாய்க்கும் அதை வளர்க்கும் வீட்டுக்கும் என்ன ஆகிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

## எதைத் தொடும், எதைத் தொடாது

ஆன்டிபயாடிக் என்பது பாக்டீரியாவைக் கொல்லும், அல்லது பெருகவிடாமல் நிறுத்தும் மருந்து. வைரஸை அது தொடாது. பூஞ்சையைத் தொடாது. ஒவ்வாமை, சிறுநீர்க் கல், உண்ணி, குடற்புழு எதற்கும் அது மருந்தல்ல. காய்ச்சலையோ வலியையோ நேரடியாகக் குறைக்கும் மருந்தும் அல்ல. மெட்ரோனிடசோல் போல ஒன்றிரண்டு மட்டும் ஜியார்டியா போன்ற ஓரணு ஒட்டுண்ணிகள் மீதும் வேலை செய்யும், அது விதிவிலக்கு.

மேலே போவதற்கு முன் இரண்டு விஷயங்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

1. பாக்டீரியா இருப்பது வேறு, தொற்று வேறு. நாயின் தோலில் ஸ்டஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் என்ற பாக்டீரியா எப்போதும் குடியிருக்கிறது. நாய்க்குத் தோல் தொற்று வரும்போது பெரும்பாலும் காரணமாக இருப்பதும் இதுவேதான். தோலின் காவல் உடையும்போதுதான் அது தொல்லை தருகிறது. சிறுநீர் சோதனையில் பாக்டீரியா தெரிந்தாலும், விலங்குக்கு எந்தத் தொந்தரவும் இல்லையென்றால் பெரும்பாலும் மருந்து தேவையில்லை.

2. மருந்து எதிர்ப்பு உருவாவது பாக்டீரியாவில், விலங்கின் உடலில் அல்ல. "உடம்பு மருந்துக்குப் பழகிடுச்சு" என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். உண்மையில், மருந்துக்குச் சாகாத பாக்டீரியாக்கள் மட்டும் தப்பிப் பெருகியிருக்கின்றன. அந்த பாக்டீரியா ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்கும், நாயிடமிருந்து மனிதருக்கும், மனிதரிடமிருந்து நாய்க்கும் போகக்கூடியது.

## நாய் குணமானது. மருந்தாலா?

சிறு பிராணி மருத்துவத்தில் தேவையில்லாத ஆன்டிபயாடிக் இவ்வளவு புழங்குவதற்கு, என் கணிப்பில், முதன்மைக் காரணம் அலட்சியம் அல்ல. தானாகக் குணமாகும் நோய்களே காரணம். மருந்து கொடுத்த பிறகு விலங்கு தேறுகிறது. மருத்துவரும் நம்புகிறார், வளர்ப்பவரும் நம்புகிறார், அடுத்த முறை அதே மருந்தை அவரே கேட்கிறார். கொடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் பார்த்ததில்லை. இதற்கு மிகத் தெளிவான உதாரணம் பூனையின் சிறுநீர்த் தொந்தரவு.

பத்து வயதுக்குக் குறைந்த பூனை ஒன்று மணல் தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போகிறது, முக்குகிறது, சொட்டுச் சொட்டாக, சில சமயம் ரத்தம் கலந்து போகிறது. மனிதர்களுக்கு இப்படி வந்தால் "யூரின் இன்ஃபெக்‌ஷன்" என்கிறோம், பூனைக்கும் அதையே நினைத்துவிடுகிறோம். ஆனால் இந்த வயதுப் பூனைகளில் பாக்டீரியாத் தொற்று அரிது. பாதிக்கும் மேற்பட்ட பூனைகளுக்கு இருப்பது காரணம் இன்னதென்று பிரித்துச் சொல்ல முடியாத சிறுநீர்ப்பை அழற்சி. வீட்டில் புதிதாக வந்த பூனை, வீடு மாறியது, தண்ணீர் குறைவாகக் குடிப்பது, அடைந்தே கிடப்பது, உடல் பருமன் எல்லாம் அதைத் தூண்டும். இது ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். ஆன்டிபயாடிக்கின் வழக்கமான கால அளவும் அதேதான். ஆகவே பேர் மருந்துக்குப் போகிறது. தூண்டிவிட்ட மன அழுத்தம் அப்படியே இருப்பதால் சில மாதங்களில் திரும்ப வருகிறது, திரும்ப மருந்து.

வயதான பூனை, சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ள பூனை என்றால் கணக்கு மாறும். அவற்றுக்கு உண்மையான தொற்று வரும் வாய்ப்பு கூடுதல். யாருக்கு எது என்று ஊகிக்க வேண்டியதில்லை. வயிற்றின் வழியாக மெல்லிய ஊசியைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்திச் சிறுநீர் எடுத்து, அதை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மணல் தட்டிலிருந்தோ தரையிலிருந்தோ எடுத்த சிறுநீரில் வெளியிலுள்ள பாக்டீரியாவும் கலந்துவிடும், அதை நம்ப முடியாது.

நாயின் திடீர் வயிற்றுப்போக்கும் இதே வகைதான். குப்பையில் எதையோ தின்றது, சாப்பாடு மாறியது என்று தொடங்கும் பெரும்பாலான பேதிகள் சில நாளில் நிற்கின்றன. ஈனோவாட் என்ற ஐரோப்பிய நிபுணர் குழு 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைப் பற்றி அழுத்தமாகச் சொல்கிறது: லேசான, நடுத்தரமான திடீர் வயிற்றுப்போக்குக்கு, ரத்தம் கலந்து போனாலும்கூட, ஆன்டிபயாடிக் கொடுக்கக் கூடாது. ரத்தத்தைப் பார்த்ததும் வீட்டில் எல்லோருக்கும் பதறும், அது இயல்பு. ஆனால் முடிவெடுக்க வேண்டியது ரத்தத்தை வைத்து அல்ல, நாயின் மொத்த நிலையை வைத்து: சோர்ந்து கிடக்கிறதா, காய்ச்சலா, நீர்ச்சத்து கொடுத்தும் தெளியவில்லையா, ரத்தத்தில் தொற்று பரவியதற்கான அறிகுறி உண்டா?

மெட்ரோனிடசோல் கொடுத்தால் பேதி கொஞ்சம் சீக்கிரம் நிற்பதாகக் காட்டிய ஆய்வும் உண்டு. வித்தியாசம் ஒன்றரை நாள் அளவே. அதற்கு நாய் கொடுக்கும் விலை அதிகம். ஆரோக்கியமான நாய்களுக்கு இரண்டு வாரம் மெட்ரோனிடசோல் கொடுத்துப் பார்த்த ஆய்வில், குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களின் சமநிலை குலைந்தது. நிறுத்தி நான்கு வாரம் ஆகியும் சில நாய்களில் அது பழைய நிலைக்கு வரவில்லை. பேதியை நிறுத்தக் கொடுத்த மருந்து அடுத்த பேதிக்கு வழி செய்து வைக்கிறது.

நாய்க்குட்டிகளைத் தாக்கும் பார்வோவைரஸ் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அதுவும் வைரஸ்தான், வைரஸை ஆன்டிபயாடிக் தொடாது என்பதும் உண்மைதான். ஆனால் பார்வோ குடலின் உள்சுவரைச் சிதைக்கிறது, எலும்பு மஜ்ஜையையும் தாக்கி ரத்த வெள்ளணுக்களை விழ வைக்கிறது. குடல் பாக்டீரியா ரத்தத்துக்குள் புகும்போது தடுக்க ஆள் இல்லை. அந்தக் குட்டிக்கு ஆன்டிபயாடிக் உயிர் காக்கும் மருந்து. சொல்ல வருவது இதைத்தான்: இரண்டு குட்டிக்கும் பேதி, இரண்டிலும் ரத்தம், ஆனால் ஒன்றுக்கு வேண்டும், மற்றொன்றுக்கு வேண்டாம். பரிசோதனை செய்யாமல் பிரிக்க முடியாது.

விடுதியில் விட்டு வந்த நாய்க்கு வரும் வறட்டு இருமல், பூனைக்கு வரும் தும்மல், மூக்கொழுகல் ஆகியவையும் பெரும்பாலும் வைரஸ் தொடங்கி வைப்பவை. நாய் நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடிக்கொண்டிருந்தால் பத்து நாள் வரை கவனித்துப் பார்க்கலாம் என்பதே சர்வதேச வழிகாட்டுதல். கருத்தடை போன்ற சுத்தமான அறுவைக்குப் பிறகு ஐந்து நாள் மாத்திரை தருவதும் வெறும் வழக்கம்தான். நோய் பரவாத அரங்கு, சுத்தமான கருவிகள், குறுகிய நேரம் என்றால் பின்னால் மாத்திரை தேவையில்லை. நீண்ட அறுவையாக இருந்தால் கத்தி வைப்பதற்குச் சற்று முன் நரம்பில் போடும் ஒரு டோஸ்தான் பலன் தரும்.

## தோல்: திரும்பத் திரும்பத் தோற்கும் இடம்

சென்னை, கடலோர ஊர்களின் புழுக்கத்தில் நாய் வளர்ப்பவர்களுக்குத் தோல் பிரச்சினையைச் சொல்லிக் காட்ட வேண்டியதில்லை. வருஷம் முழுக்க உண்ணி, தெள்ளு, ஈரம். லாப்ரடார், பக் போன்ற இனங்களுக்கு ஒவ்வாமையும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வாமையால் நாய் சொறிகிறது, தோல் உடைகிறது, அங்கே ஸ்டஃபைலோகாக்கஸ் பெருகிச் சீழ்ப் பருக்கள் வருகின்றன. மூன்று வாரம் செஃபலெக்ஸின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தால் பருக்கள் மறைகின்றன. அடுத்த மாதம் திரும்ப வருகின்றன, ஏனென்றால் சொறிச்சலுக்கான காரணத்தை யாரும் தொடவில்லை. வருஷத்துக்கு மூன்று நான்கு முறை இப்படியே போனால், ஒவ்வொரு முறையும் தப்பிப் பிழைக்கும் பாக்டீரியா கூடுதல் வலுவோடு நிற்கும்.

அந்தப் பாதையின் முடிவில் நிற்பது மெத்திசிலின் (பென்சிலின் வகை மருந்து ஒன்று) எதிர்ப்பு ஸ்டஃபைலோகாக்கஸ். அது எம்ஈசிஏ என்ற ஒரு மரபணுவைப் பெற்றிருக்கும். பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் எல்லாம் பாக்டீரியாவின் மேல்சுவரைக் கட்டும் ஒரு புரதத்தில் ஒட்டி வேலை செய்பவை. இந்த மரபணு அந்தப் புரதத்தின் இடத்தில் மருந்து ஒட்டாத வேறொரு புரதத்தை வைத்துவிடுகிறது. விளைவாக அமாக்ஸிசிலின், அமாக்ஸிசிலின்–கிளாவுலனிக் அமிலக் கூட்டு, செஃபலெக்ஸின், செஃப்ட்ரையாக்சோன் எல்லாமே ஒரே அடியில் பயனற்றுப் போகின்றன. "இது கேக்கல, இன்னும் ஸ்ட்ராங்கா குடுங்க" என்று கேட்டு அடுத்த செஃபலோஸ்போரினுக்குப் போவதில் அங்கே அர்த்தமே இல்லை.

இந்தச் சுழலை உடைக்கக் கிளினிக்கிலேயே சில நிமிடத்தில் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. சீழ்ப் பருவை ஊசி முனையால் உடைத்து அதன்மேல் கண்ணாடித் தகட்டை அழுத்தி எடுக்கிறார்கள். காய வைத்து, சாயத்தில் முக்கி, மைக்ரோஸ்கோப்பின் மிகப் பெரிய லென்ஸில் எண்ணெய்ச் சொட்டு வைத்துப் பார்க்கிறார்கள். வெள்ளணுக்களும், அவற்றின் உள்ளேயே விழுங்கப்பட்ட நீலநிற உருண்டைப் புள்ளிகளும் தெரிந்தால் அது பாக்டீரியாத் தொற்று. புள்ளிகளுக்குப் பதில் நிலக்கடலை போல இடுப்பு ஒடுங்கிய பெரிய செல்கள் கூட்டமாகத் தெரிந்தால் அது மாலசீசியா என்ற பூஞ்சை. ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. எண்ணெய்ப் பிசுக்கும் நாற்றமுமாகக் காதைச் சொறியும் நாய்களில் இது அடிக்கடி தெரியும். வெள்ளணுக்கள் மட்டும் இருந்து பாக்டீரியா இல்லையென்றால் யோசனை வேறு திசையில் போக வேண்டும். தோல் நோய்க்கு இந்தத் தகடு பார்க்காமல் மூன்றாவது முறையும் மாத்திரை எழுதப்படுகிறது என்றால், வளர்ப்பவர் வாய்விட்டுக் கேட்பதில் தவறே இல்லை.

பாக்டீரியாதான் என்று உறுதியானாலும் மாத்திரைதான் முதல் வழி என்றில்லை. நாய்த் தோல் தொற்றுக்கு 2025-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், மேலோட்டமான தொற்றுக்குக் குளோர்ஹெக்ஸிடின் போன்ற கிருமிநாசினிக் குளியலையே முதல் சிகிச்சையாக வைக்கிறது. வாரம் இரண்டு மூன்று முறை, ஷாம்பூவைப் பூசி பத்து நிமிடம் ஊற விட்டுக் கழுவ வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தைத் தவறவிடுவதால்தான் பல வீடுகளில் "ஷாம்பூ வேலை செய்யல" என்ற பேச்சு வருகிறது. மெத்திசிலின் எதிர்ப்பு பாக்டீரியாவையும் இது கொல்லும். தோலின் ஆழத்துக்குப் போன, கட்டி உடைந்து ரத்தமும் சீழும் வடியும் தொற்றுக்குத்தான் கல்ச்சர் சோதனை (பாக்டீரியாவை ஆய்வகத்தில் வளர்த்து எந்த மருந்து கேட்கிறது என்று பார்ப்பது) செய்து மாத்திரை தேர்ந்தெடுக்க வேண்டும்.

## உண்ணிக் காய்ச்சல்: சரியான மருந்து, தவறான பழக்கம்

ஆன்டிபயாடிக்கைத் தயங்காமல் கொடுக்க வேண்டிய நோயும் நம் ஊரில் உண்டு. பழுப்பு நாய் உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற பாக்டீரியாத் தொற்றுக்கு டாக்ஸிசைக்ளின்தான் மருந்து. கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், 28 நாள். நாய் ஒரு வாரத்தில் எழுந்து ஓடத் தொடங்கினாலும் 28 நாளும் கொடுக்க வேண்டும்.

பழக்கம் எங்கே தவறுகிறது என்றால், காய்ச்சல் வந்த எல்லா நாய்க்கும் "டிக் ஃபீவர்" என்று டாக்ஸிசைக்ளின் தொடங்கிவிடுகிறோம். அதே உண்ணி பரப்பும் பபீசியா பாக்டீரியா அல்ல, சிவப்பணுவுக்குள் வாழும் ஒட்டுண்ணி. தென்னிந்தியாவில் பரவலாக உள்ள பபீசியா கிப்சோனிக்கு டாக்ஸிசைக்ளின் மட்டும் கொடுத்தால் போதாது. நாள் கடக்கக் கடக்க ரத்தம் குறைந்துகொண்டே போகும். காது மடல் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்துத் தகட்டில் பூசிப் பார்ப்பது முதல் படி; அதில் தெரியாவிட்டால் பிசிஆர் சோதனை இருக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. கிட் சோதனைகள் பல, நோய்க்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத்தான் காட்டும். நோய் குணமான பிறகும் அது மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் பாசிட்டிவாகவே வரலாம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்து, நாயும் நன்றாக இருந்தால், கிட் பாசிட்டிவ் என்பதற்காக மட்டும் இன்னொரு 28 நாள் தேவையில்லை.

இதையெல்லாம்விட, உண்ணித் தடுப்பு மாத்திரையோ கழுத்துப் பட்டையோ தவறாமல் போட்டாலே அந்த வீட்டில் டாக்ஸிசைக்ளின் செலவு பெரும்பாலும் நின்றுவிடும்.

## ஒரு நாய்க்கு மாத்திரை, எத்தனை பேருக்கு விளைவு?

தோலுக்குக் கொடுத்த மாத்திரை தோலுக்கு மட்டும் போவதில்லை. குடலில் வாழும் ஈகோலை உட்பட கோடிக்கணக்கான பாக்டீரியாக்களும் அந்த மருந்தில் நனைகின்றன. அவற்றில் எதிர்ப்பு மரபணு உள்ளவை மிஞ்சுகின்றன. அந்த மரபணுக்கள் பல, பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ வளையத்தில் இருப்பதால் ஒரு பாக்டீரியா இன்னொரு இனத்துக்கே அதைக் கைமாற்ற முடியும். நாய் நம் முகத்தை நக்குகிறது, படுக்கையில் படுக்கிறது, அதன் மலத்தை நாம் அள்ளுகிறோம். ஒரே வீட்டில் மனிதரிடமும் நாயிடமும் ஒரே வகை எதிர்ப்பு ஈகோலை இருந்ததைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

ஊகத்தைத் தாண்டி நடந்த ஒரு சம்பவம் அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறது. 2016 முதல் 2018 தொடக்கம் வரை 18 மாநிலங்களில் 118 பேருக்குக் கேம்பிலோபாக்டர் பாக்டீரியாவால் கடும் பேதி வந்தது. விசாரித்தபோது, பெரும்பாலோர் செல்லப்பிராணிக் கடைகளின் நாய்க்குட்டிகளைத் தொட்டவர்கள். கடை ஊழியர்களும் அதில் இருந்தார்கள். அந்த பாக்டீரியா வழக்கமாகக் கொடுக்கப்படும் பல மருந்துகளுக்குக் கட்டுப்படவில்லை. நோய்க் கட்டுப்பாட்டு மையம் 149 குட்டிகளின் பதிவேட்டைப் பார்த்தது. அவற்றில் 95 சதவீதக் குட்டிகள் விற்பனைக்கு முன்பே ஆன்டிபயாடிக் வாங்கியிருந்தன. மருந்து வாங்கியவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு அது நோய் எதுவும் இல்லாமல், வராமல் இருக்கட்டும் என்று கொடுக்கப்பட்டது. குட்டி வாங்கும்போது விற்பவர் "எல்லா மருந்தும் குடுத்தாச்சு" என்று சொன்னால், தடுப்பூசியா, பூச்சி மருந்தா, ஆன்டிபயாடிக்கா என்று பிரித்துக் கேட்பது நல்லது.

உலக அளவில் 2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாத் தொற்றால் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12.7 லட்சம் பேர் என்று 2022-ல் வெளியான மதிப்பீடு கூறுகிறது. அதில் நாய், பூனைகளின் பங்கு சிறியதுதான். மனிதர்களின் தவறான பயன்பாடும், பண்ணை விலங்குகளுக்குக் கொடுப்பதும் பெரும் பங்கு. ஆனால் நம்மோடு ஒரே வீட்டுக்குள் வாழ்ந்து, மனிதர்களுக்கான அதே மருந்தை அதே கடையிலிருந்து வாங்கிச் சாப்பிடும் விலங்குகள் இவைதான்.

## எந்த மருந்து முதலில்?

ஆன்டிபயாடிக் தேவை என்று முடிவான பிறகும் எல்லா ஆன்டிபயாடிக்கும் ஒன்றல்ல. ஐரோப்பிய மருந்து முகமை 2020-ல் விலங்குகளுக்கான மருந்துகளை நான்கு படிகளாகப் பிரித்தது:

1. தவிர்க்க வேண்டியவை: மெரோபெனம், இமிபெனம், வான்கோமைசின் போன்றவை. மனித மருத்துவத்தின் கடைசிக் கட்ட ஆயுதங்கள்.
2. கட்டுப்படுத்த வேண்டியவை: என்ரோஃப்ளாக்ஸசின் உள்ளிட்ட குயினலோன்கள், மூன்றாம், நான்காம் தலைமுறை செஃபலோஸ்போரின்கள், கோலிஸ்டின். முடிந்தவரை கல்ச்சர் பார்த்த பிறகே.
3. எச்சரிக்கையோடு தர வேண்டியவை: அமாக்ஸிசிலின்–கிளாவுலனிக் அமிலம், செஃபலெக்ஸின், ஜென்டமைசின், கிளின்டமைசின், அசித்ரோமைசின்.
4. முதல் தேர்வாகத் தரக்கூடியவை: அமாக்ஸிசிலின் தனியாக, டாக்ஸிசைக்ளின், சல்ஃபா–டிரைமெத்தோபிரிம் போன்றவை. இவையும் தேவை இருந்தால் மட்டுமே.

நம் கிளினிக்குகளில் எதற்கும் சாதாரணமாகப் போடப்படும் செஃப்ட்ரையாக்சோன் ஊசி இரண்டாம் படியில் இருக்கிறது. மனிதர்களுக்கு டைஃபாய்டுக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் போடும் மருந்து அது. மேல்நாடுகளில் பூனைகளுக்கு அதிகம் போடப்படும் செஃபோவெசின் ஊசியும் அதே படிதான். ஒரு முறை போட்டால் இரண்டு வாரம் வேலை செய்யும், பூனைக்கு மாத்திரை கொடுக்கப் போராட வேண்டாம் என்பது உண்மையான சௌகரியம். ஆனால் அந்த இரண்டு வாரத்துக்குப் பிறகும் குறைந்த அளவில் நெடுநாள் உடலில் தங்கும். ஒவ்வாமை வந்தால் திரும்ப எடுக்கவும் முடியாது.

கல்ச்சர் சோதனைக்கு இரண்டு முதல் நான்கு நாள் ஆகும், செலவும் உண்டு. சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களிலும் தனியார் ஆய்வகங்களிலும் செய்கிறார்கள். முதல் முறை வரும் எளிய தொற்றுக்கு அது தேவையில்லை. திரும்பத் திரும்ப வரும் தொற்று, முதல் மருந்து கேட்காத தொற்று, ஆழமான காயம், அறுவைப் புண் சீழ் ஆகியவற்றுக்கு இது இல்லாமல் அடுத்த மருந்து எழுதுவது குருட்டு அடி. மருந்து தொடங்கும் முன் மாதிரி எடுப்பது முக்கியம்.

## அளவும் நாளும்

மனிதர் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. சிப்ரோஃப்ளாக்ஸசினை எடுத்துக்கொள்வோம். மனிதருக்குக் குடலில் நன்றாக உறிஞ்சப்படும் அது, நாய்க்கு நாய் பெரிதும் மாறுபடும். ஒரு நாயில் முழுமைக்கு அருகிலும், இன்னொன்றில் மூன்றில் ஒரு பங்கும் மட்டுமே ரத்தத்துக்குப் போகும். பூனையில் இன்னும் மோசம். நோயைக் கொல்லப் போதாத, ஆனால் எதிர்ப்பைத் தூண்டப் போதுமான அளவு அது. என்ரோஃப்ளாக்ஸசின் பூனைக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் விழித்திரையைப் பாதித்துப் பார்வையைப் பறிக்கலாம். வளரும் நாய்க்குட்டிகளின் மூட்டுக் குருத்தெலும்பையும் கெடுக்கும். குழந்தைகள் சிரப்பில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் அதுவே நாய்க்கு விஷம். எடையைக் கண்ணால் மதிப்பிடாமல், தராசில் நிறுத்தித்தான் அளவு போட வேண்டும்.

டாக்ஸிசைக்ளினையும் குயினலோன்களையும் பாலிலோ தயிர்சாதத்திலோ கலந்து கொடுத்தால் கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உறிஞ்சப்படுவது குறையும். பூனைக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரையை வறட்டாகப் போட்டுவிடக் கூடாது. உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாகி, குழாயே சுருங்கிவிட்ட பூனைகள் உண்டு. போட்டவுடன் சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீரோ சிறிது உணவோ கொடுக்க வேண்டும். தண்ணீர் கலந்த அமாக்ஸிசிலின்–கிளாவுலனிக் சிரப் ஃபிரிட்ஜில் வைத்தாலும் ஏழு முதல் பத்து நாளுக்கு மேல் வீரியம் தாங்காது. போன மாதத்து பாட்டிலை இந்த மாதம் எடுக்கக் கூடாது.

எத்தனை நாள் என்பதில் மருத்துவமே மாறியிருக்கிறது. முன்பு நாயின் எளிய சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு இரண்டு வாரம் கொடுத்தார்கள். 2019-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் அதை மூன்று முதல் ஐந்து நாளாகக் குறைத்தது. நீண்ட நாள் கொடுத்தால் எதிர்ப்பு வராது என்ற பழைய நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. பல தொற்றுகளில் நீளும் நாட்கள்தான் மற்ற பாக்டீரியாக்களில் எதிர்ப்பை வளர்க்கின்றன. அதற்காக நாய் தெளிந்துவிட்டது என்று வளர்ப்பவரே நிறுத்திவிடக் கூடாது. எர்லிக்கியா போல நாள் கணக்கு மாறாத நோய்களும் இருக்கின்றன. எது எதில் சேரும் என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர். ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுவிட்டு நிறுத்தலாம்.

## சட்டம் எங்கே நிற்கிறது?

மாத்திரை அட்டையின் பின்புறம் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்று பொருள். அதற்கும் மேல், மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்கள் போன்றவற்றை 2014 மார்ச் முதல் எச்1 பட்டியலில் வைத்திருக்கிறார்கள். சீட்டு எழுதிய மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். "நாய்க்குத்தான்" என்று சொல்லி வாங்கினாலும் விதி அதேதான்.

விலங்குகளுக்கென்று இந்தியா போட்ட தனிக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் இறைச்சி, பால், முட்டை தரும் விலங்குகளைச் சுற்றியே இருக்கின்றன. 2019-ல் கோலிஸ்டினைத் தடை செய்தது அப்படித்தான். 2024-ல் மத்திய அரசின் கால்நடைத் துறை வெளியிட்ட நிலையான சிகிச்சை வழிகாட்டுதலும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கால்நடை மருந்துச் சட்டம் வேறு மாதிரி. மனிதர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய மருந்துகளை நாய்க்கோ பூனைக்கோகூடக் கொடுக்க அங்கே அனுமதி இல்லை. இங்கேயும் சிறு பிராணிகளுக்கு அப்படி ஒரு பட்டியல் வேண்டும். மெரோபெனம் எந்த நாய்க்கு, யார் ஒப்புதலோடு என்பதைத் தனி மருத்துவரின் மனசாட்சிக்கு மட்டும் விட்டுவைப்பது அவருக்கும் சுமை, ஊருக்கும் ஆபத்து.

## கிளினிக்கில் கேட்க வேண்டியவை

1. "இது பாக்டீரியாதான்னு எப்படித் தெரியுது டாக்டர்?" நல்ல மருத்துவர் இதற்குக் கோபிக்க மாட்டார். தகடு பார்த்தேன், சிறுநீர் பார்த்தேன், ரத்தம் பார்த்தேன் என்ற பதிலை எதிர்பார்க்கலாம்.
2. "ரெண்டு நாள் பார்த்துட்டு ஆரம்பிக்கலாமா?" பல நோய்களில் இது சாத்தியம். மருந்து கேட்டு வற்புறுத்துவார்கள் என்ற எண்ணத்தில்தான் சில சீட்டுகள் எழுதப்படுகின்றன. நீங்கள் காத்திருக்கத் தயார் என்று தெரிந்தால் அந்த அழுத்தம் குறையும்.
3. "போன தடவை குடுத்த மருந்து இது." பழைய சீட்டுகளை ஒரு ஃபைலில் வைத்துக் காட்டுங்கள். மூன்று மாதத்துக்குள் ஏற்கெனவே கொடுத்த மருந்து மருத்துவரின் தேர்வையே மாற்றும்.
4. மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாளில் முன்னேற்றம் இல்லையென்றால் அளவைக் கூட்டாமல், கடையில் வேறு வாங்காமல், திரும்பக் காட்டுங்கள்.

காத்திருந்து பார்ப்பதற்கும் எல்லை உண்டு. ஆண் பூனை முக்கி முக்கி ஒரு சொட்டும் போகவில்லையென்றால் அது அடைப்பு. அன்றே, அந்த மணியே போக வேண்டும், மறுநாள் வரை தாங்காது. தடுப்பூசி முடியாத குட்டி வாந்தியும் ரத்தப் பேதியுமாக இருந்தால் பார்வோ சோதனை உடனே வேண்டும். ஈறு வெளுத்திருப்பது, மூச்சு வாங்குவது, 24 மணி நேரமாகத் தண்ணீரும் குடிக்காமல் சுருண்டு கிடப்பது, உண்ணி கடித்த நாய்க்கு மூக்கிலோ சிறுநீரிலோ ரத்தம் வருவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் காலை வரை பொறுக்காமல், இரவில் திறந்திருக்கும் கிளினிக்கின் எண்ணுக்கு அழையுங்கள்.